ஐந்துக்கு நான்கு வேண்டி ஹெட்போனார் படையெடுத்த படலம்

வாழ்க ஹெட்போனார்! காதிரண்டிலும் கவசம் பூண்டு, பெற்ற தாய் வைத்த பெயரை அலுவலகமே மறக்கச் செய்த அண்ணல். கட்டளை ஒன்றைத் தட்டிவிட்டுக் காபி ஆறுமுன் ஆயிரம் வரி கம்ப்யூட்டர் கோட் பொழியும் ஏஐ என்னும் பூதத்தை ஏவலுக்கு வைத்திருக்கும் வித்தகர். ஏசிக்கு நேர் கீழே அமர்ந்தும் ஒரு தும்மல் அறியாத் தீரர்! அவர் புகழ் பாடப் புகுந்தோம். சொற்களே, வரிசையில் வந்து நில்லுங்கள், தள்ளுமுள்ளு கூடாது.

அது ஆண்டு வேலைக்கு மதிப்பெண் போடும் அப்ரைசல் என்னும் போர்க்காலம். ஐந்துக்கு நான்கு பெற்றவர் சீனியர் அரியணை ஏறுவார். மூன்று பெற்றவர் இருந்த நாற்காலியிலேயே இருப்பார். நம் வீரரோ, "நான் சீனியர் ஆகிவிட்டேன்" என்று மாமியாரிடம் போன வருடமே அளந்துவிட்டார். அந்த அம்மையாரும் அதைச் சொந்தபந்தம் முழுக்க ஒலிபரப்பிவிட்டார். அன்று காலை வாசல்வரை வந்த மனையாள், கணவரின் சாப்பாட்டுப் பையை வாளென நீட்டி முழங்கினாள்: "இந்தத் தடவையாவது வாங்கிட்டு வந்துடுங்க. எங்க அம்மாகிட்ட இன்னும் எத்தனை நாளைக்குத்தான் நான் பூசி மெழுகுறது?" பாவம், அவளும் என்னதான் செய்வாள்.

இருக்கையில் அமர்ந்த வீரர், அப்ரைசல் படிவத்தில் எழுதவேண்டி, ஆண்டு முழுவதும் தாம் ஆற்றிய அருஞ்செயல்களை நினைவென்னும் களஞ்சியத்தில் துழாவினார். கிடைத்தது ஒன்றே: பணம் கட்டும் பக்கத்தில் இடப்புறமிருந்த பட்டனை வலப்புறம் நகர்த்தியது. அதையும் பூதம்தான் நகர்த்தியது. இவர் 'சரி' என்று தட்டினார். எனினும் கலங்காத நெஞ்சினர், "இதைக் கொஞ்சம் பெருசா எழுதிக் குடுப்பா" என்று பூதத்துக்கு ஆணையிட, அது 'பயனரின் பயணத் திசையையே மாற்றியமைத்த தொலைநோக்குத் தலைமை' எனத் தொடங்கி மூன்று பக்கம் முழங்கித் தள்ள, அந்த முழக்கத்தை அப்படியே அள்ளிப் படிவத்தில் கொட்டி அனுப்பியும் விட்டார். படித்துப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள்.

அனுப்பிய பின்பல்லவோ அதன் வால்நுனியைக் கண்டார்! அங்கே பூதம் தன் வழக்கப்படி விட்டுச்சென்ற ஒரு வரி பல்லிளித்துக்கொண்டிருந்தது: 'இதை இன்னும் கொஞ்சம் பணிவாக மாற்றித் தரட்டுமா?' அந்தோ! அனுப்பிய படிவம் பூட்டிக்கொள்ளும். திறக்கும் உரிமை மேலாளர் ஒருவருக்கே உண்டு. அவர் படிக்குமுன் போய்த் தடுத்தாக வேண்டும்.

எழுந்தார் ஏந்தல்! சுழல் நாற்காலிகளைச் சிதறடித்து, நின்றபடியே மீட்டிங் நடத்திய கூட்டத்தைப் பிளந்து, பிரிண்டர் என்னும் குன்றைச் சுற்றிப் பாய்ந்தவரை மறித்து நின்றது கண்ணாடிக் கதவு. அதைத் திறக்கும் ஐடி கார்டோ மேஜைமேல் கிடந்தது! திறக்கச் சொல்லி இரு கைகளையும் வீசி அவர் கதற, உள்ளே இருந்தவர்கள் வணக்கம் சொல்கிறார் போலும் என்று மகிழ்ந்து பதிலுக்குக் கையாட்டினார்கள். நல்ல வேளையாக, தண்ணீர் பிடிக்க ஒருவர் வெளியே வந்தார்.

மூச்சிரைக்க அறைக்குள் புகுந்தவரை நோக்கி மேலாளர் அம்மையார் திருவாய் மலர்ந்தார்: "வாங்க வாங்க! உங்களோடதை வரி விடாம படிச்சேன். பிரமாதம்! நானே உக்காந்து பதிலும் எழுதிட்டேன், பாருங்க." லேப்டாப் திரும்பியது. ஆகா, நான்கு! திரையில் ஒளிர்ந்தது நான்கேதான்! சீனியர் அரியணை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்க, வாயை மூடிக்கொண்டு வெளியேற வேண்டிய அந்த நொடியில், வீரரின் பாழும் கண்கள் கீழே இறங்கி, மேலாளர் எழுதிய பதிலின் கடைசி வரியில் போய்க் குத்திட்டு நின்றன: 'நீங்கள் உண்மையிலேயே படித்தது போலத் தெரிய ஓரிரு வரி சேர்க்கட்டுமா?'

அவர் கண் போன வழியே அம்மையாரின் கண்ணும் போயிற்று. முகம் சிவந்தது. பேச்சை மாற்றவேண்டி வீரரின் படிவத்தை அவசரமாகத் திறந்து, அப்போதுதான் முதன்முறையாக அதைப் படிக்கத் தொடங்கி, அதன் வால்நுனியையும் கண்டார். இருவர் குட்டும் ஒரே மேஜையில் உடைந்து கிடந்தது.

"சரி, அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் அம்மையார். "இந்த வருஷம் என்ன செஞ்சீங்க? உங்க வாயாலயே சொல்லுங்க."

ஹெட்போனார் கவசம் களைந்தார். நெஞ்சு நிமிர்த்தினார். "பணம் கட்டுற பக்கத்துல... அந்தப் பட்டனை வலது பக்கம் நகர்த்தினேன், மேடம்."

"அதைத்தான் மறுவாரமே பழைய இடத்துக்கு மாத்தச் சொல்லிட்டாங்களே?"

"மாத்திட்டேன், மேடம்! அதுவும் நான்தான்!" என்று அறை அதிர முழங்கினார் அந்த ஆண்டின் இருபெரும் வெற்றிகளுக்கு உரிய மாவீரர்.

மேலாளர் நான்கை அழித்துவிட்டு, எல்லாருக்கும் போட்ட மாதிரி மூன்று போட்டார்.