ஆல்பத்திலும் முகத்தைத் திருப்பிக்கொண்ட மைத்துனருக்கு

அன்பு மைத்துனர் சுதாகர் அவர்களுக்கு,

அந்தமான் கராச்சர்மாவிலிருந்து அக்காள் வீட்டுக்காரன் பக்தவத்சலம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காள் சுசீலாவும் மகள் அகிலாவும் நலம். தூத்துக்குடியில் நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் சுசீலா காதில் விழும் என்பதால்தான் இந்தக் கடிதம். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

தை மாதம் அகிலாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் நடத்த எனக்கு மனமில்லை. ஆனால் உங்கள் பெயரை எடுத்தாலே சுசீலா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுகிறாள். உங்கள் அம்மா இறந்த அன்று மழையில் விமானம் ரத்தாகி, மறுநாள் அவள் வந்து சேர்வதற்குள் நீங்கள் தகனம் எல்லாம் முடித்துவிட்ட வருத்தம் ஆறு வருடமாகியும் ஆறவில்லை. முடிந்தவரை காத்திருந்தீர்கள் என்று நான் சொன்னால் எனக்குச் சாப்பாடு கிடையாது.

மண்டப வாசலில் வைக்க, குடும்பப் படங்களை ஒட்டி ஒரு ஸ்கிராப் புக் செய்ய வேண்டும் என்றாள் அகிலா. நான் ஏற்றுக்கொண்டேன். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பலில் சரக்கு அடுக்கியவனுக்குப் படம் அடுக்கத் தெரியாதா என்று கனமான குரூப் போட்டோக்களை அடியில் வைத்து, இடதும் வலதும் எடை சமமாக்கி, இடைவெளி விட்டால் உருண்டுவிடும் என்ற பழக்கத்தில் ஒரே பக்கத்தில் இருபத்திரண்டு படங்களை ஒட்டி முடித்தேன். அகிலா பார்த்துவிட்டு, "அரே அப்பா, இது பேஜா, கப்பல் கிடங்கா? ஒரு பேஜுக்கு ஒரு படம்தான் ராஜா. அதைப் பெருசா, கொஞ்சம் ஓரமாத் தள்ளி ஒட்டணும். மத்தது சின்னதா மூணோ அஞ்சோ போதும். மிச்ச இடத்தைச் சும்மா விடுங்க" என்றாள். சரியென்று பிய்த்தேன். எங்கள் கல்யாணப் படத்தில் நான் வந்துவிட்டேன், என் மீசை மட்டும் தாளிலேயே ஒட்டித் தங்கிவிட்டது.

மறுபடி ஒட்டும்போது சுசீலாவைப் பெரிதாக இடது பக்கத்திலும், பத்து வயதில் நீங்கள் வலப்புறம் பார்த்து நிற்கும் படத்தை வலது ஓரத்திலும் வைத்தேன். சுசீலா வந்து பார்த்தாள். "இங்கயும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுதான் நிக்கான்" என்றாள். "மாமா மேல தப்பில்லம்மா, அப்பா ஒட்டினதுதான் தப்பு. ஆளு பேஜுக்குள்ள பார்க்கணும்" என்று அகிலா உங்களை எடுத்து இடது ஓரத்தில் வைத்து, சுசீலாவை வலப்புறம் நகர்த்தினாள். இப்போது நீங்கள் அக்காளைப் பார்க்கிறீர்கள். சுசீலா வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "அந்தச் சட்டை நான் தச்சது" என்று மட்டும் சொன்னாள்.

ஆகையால் அவசரப்பட்டு நீங்களாகப் போன் செய்ய வேண்டாம். இன்னும் நாலு பக்கம் ஒட்டி அவளைக் கரைத்துவிட்டு நானே பக்குவமாகப் பேச்செடுக்கிறேன். அதுவரை பொறுத்திருங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். தங்கைக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
பக்தவத்சலம்

பி.கு.: மேலே எழுதியது எதுவும் இனிச் செல்லாது. உறை தேடப் போன இடைவெளியில் சுசீலா கடிதத்தைப் படித்துவிட்டாள். "எனக்கு இவரு பேச்செடுக்கணுமாக்கும்" என்று சொல்லி உங்களுக்குப் போன் போட்டுவிட்டாள். பத்து நிமிடமாகிறது. இரண்டு பேரும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, அழுகைதான் கேட்கிறது. மச்சான், தயவுசெய்து போனை வைத்துவிடாதீர்கள்.