ரெஜி வாங்கிய மரமேறும் பெல்ட்டு

மரம் ஏறியே தீருவது என்று ராயபுரம் ரெஜி முடிவு செய்தபோது அவனுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. தொப்பையும் எல்லை தாண்டியிருந்தது.

ரெஜி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். உச்சியில் கண்ணாடிக் கூண்டு. காலுக்குக் கீழே கப்பல், கண்ணுக்கு எதிரே கடல், அதில் வத்திப்பெட்டி மாதிரி காசிமேட்டு போட்டுகள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், பார்த்ததையெல்லாம் மனைவி ஐரீனிடம் சொல்லுவான். போன வருஷம் கம்பெனி புது கிரேன் இறக்கியது. ஆள் மேலே ஏற வேண்டாம். கீழே ஏசி ரூமில் டிவி பார்த்தபடி ஓட்டலாம். கிரேன் இறங்கியது, ரெஜியும் ஏசி ரூமுக்கு இறங்கினான். ஆபீசில் கொடுத்த ஸ்வீட் மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

அன்றிலிருந்து டூட்டி முடிந்து வந்ததும் வீட்டுச் சன்னலில் நின்று எதிர்வீட்டுச் சுவரைப் பார்ப்பான். கடல் பக்கத்தில்தான். ஆனால் சத்தம்தான் வரும், தண்ணீர் தெரியாது.

அப்போதுதான் போனில் மகிமாவின் வீடியோ வந்தது. திருவொற்றியூரில் மூடிக்கிடந்த ஒரு கம்பெனி வளாகத்தில், ஞாயிறுதோறும் ஆசைக்கு மரம் ஏறக் கற்றுக்கொடுக்கும் பெண். பிரம்மாண்டமான தூங்குமூஞ்சி மரம். உச்சிக் கிளையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த ஒருவன், "தோ, கடல் தெரியுது!" என்று கத்தினான். ரெஜிக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே மகிமாவுக்கு போன் போட்டான்.

"ஹார்பர்ல பழைய கயிறு நெறைய கீதும்மா. எட்த்தாரட்டா?"

"வேணாம்ணே. அது சரக்கு தூக்குற கயிறு. மனுசன் தொங்குறதுக்குன்னே நெய்யுற கயிறு தனியா கீது."

"நானும் சரக்குதான்மா."

"அதான் நல்ல கயிறா வாங்குங்கன்றேன்."

பாரிமுனையில் ஒரு கடைக்குப் போனான். கயிற்றை விரலிடுக்கில் ஓட்டி ஓட்டிப் பார்த்தான், கல்யாணத்துக்குப் பட்டு எடுப்பவன் மாதிரி. தானே பூட்டிக்கொள்ளும் இரும்புக் கொக்கியை 'டக்' 'டக்' என்று திறந்து மூடினான். அந்தச் சத்தம் கூண்டுக் கதவு சாத்தும் சத்தம் போலவே இருந்தது. கடைக்காரர் டீ குடித்துவிட்டு வந்தும் அவன் டக்டக்கிக் கொண்டிருந்தான். இடுப்புப் பெல்ட்டை மட்டும் அளவு கேட்டு வரவழைத்துத் தருவதாக மகிமா சொல்லியிருந்தாள்.

ஐரீனிடம் மூச்சு விடவில்லை. ஆனால் கயிறு மூச்சு விடாமல் வீட்டுக்குள் நுழையுமா?

"இன்னாய்யா இது?"

"துணி காயப்போட கயிறு."

"இம்மாந்தடியா? இன்னா, ஆனையத் தொவச்சி காயப்போடப் போறியா?"

"மழைக்கு மக்காது, ஐரீனு."

மறுநாள் அவன் ஆசை ஆசையாய் வாங்கிய கயிற்றில் அவனுடைய ஜட்டிகளே ஊஞ்சலாடின. ரெஜி பல்லைக் கடித்துக்கொண்டான். தினமும் அவனே துணியை எடுத்து, கயிற்றைத் துடைத்து, சுருட்டிப் பைக்குள் வைத்தான்.

பிறகு பெல்ட்டு வந்தது. இடுப்புக்கு ஒரு பட்டை, தொடைக்கு இரண்டு வளையம்.

"இது இன்னா?"

"முதுகு வலிக்கி. டாக்டர் குட்த்தாரு."

"முதுகு தொடைலயா கீது?"

"நரம்பு அங்கருந்துதான் கெளம்புது."

"போடு பாப்போம்."

மூச்சை இழுத்தான். வயிற்றை உள்ளே தள்ளினான். சுவரில் சாய்ந்தான், தரையில் படுத்தான். பட்டையின் இரண்டு முனைகளும் சண்டைபோட்ட பங்காளிகள் போல ஒன்றையொன்று பார்த்தபடி தள்ளியே நின்றன.

அன்று முதல் ரெஜி பாதிச் சோறு தின்றான். வஞ்சிர வறுவலை முகர்ந்து மட்டும் பார்த்தான். சாயங்காலம் காசிமேடுவரை வேர்க்க விறுவிறுக்க நடந்தான். வழியில் எந்த மரத்தைப் பார்த்தாலும் கிளை கிளையாய்க் கண்ணாலேயே ஏறி இறங்குவான். ஐரீன் குறுக்கே நிற்கவில்லை. அவன் தட்டில் இருந்த மீனைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டு உதவினாள். தங்கமான பொண்டாட்டி என்று ரெஜி உருகினான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு டூட்டி. பெல்ட்டு பூட்டியதும் லீவு போட்டுவிட்டு மரத்துக்குப் போவது திட்டம். ஒரு ஞாயிறு கப்பல் வரவில்லை. காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஐரீன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். பெல்ட்டைப் போட்டுப் பார்க்கலாமென்று பரணில் கைவிட்டான். பை இல்லை. கயிறு இல்லை, கொக்கி இல்லை. பெல்ட்டும் இல்லை.

வீடெல்லாம் தேடினான். சரி, மரத்தைக் கண்ணாலாவது பார்ப்போம் என்று, மரம் ஏற நினைத்தவன் பஸ் ஏறினான்.

தூங்குமூஞ்சி மரத்தின் உயரமான கிளையில், தலையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் இடுப்பில் அவனுடைய பெல்ட்டு.

"ஐரீனு!"

"வந்துட்டியா? கப்பல் வரலியா?"

"அது எம் பெல்ட்டுடி!"

கீழே நின்ற மகிமா விழித்தாள். "அண்ணே, அளவு கேட்டு போன் பண்ணப்ப நீங்க குளிச்சிகினு இருந்தீங்க. அக்காதான் சொன்னாங்க."

"யாரோட அளவ?"

மகிமா மேலே பார்த்தாள். மேலிருந்து குரல் வந்தது.

"கோச்சிக்காதய்யா. இத்தினி வருசமா நீ கடலப் பாத்துட்டு வந்து கத கதயா சொல்லுவ. நா அடுப்பாண்ட நின்னு கேட்டுகினு இருப்பேன். நீ சொல்றத நிறுத்தினதும் எனுக்கு கடலே வத்திப் போன மாதிரி ஆயிட்ச்சி. ஒரு வாட்டியாவது நானே மேலருந்து பாக்க வேணாமா?"

ரெஜிக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மேலே கூட்டிப்போ என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை, வருகிறாயா என்று அவனும் கேட்டதில்லை.

"இன்னா தெரியுது?" என்றான் மெதுவாக.

"வெளியே கப்பலுங்க வரிசயா நிக்குது. எண்ணூர் பக்கம் பொக. நடுவுல தண்ணி, தகதகன்னு... நீ சொன்னத வுட அழகா கீதுய்யா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். எல்லாம் தெரிந்தது. ஆனால் காற்றுதான் கீழே வரவில்லை.

"எறங்கி வா, ஐரீனு. நா ஒரே ஒரு வாட்டி..."

"உனுக்குத்தான் பூட்டாதே. பெருசா ஒண்ணு சொல்லிகீறேன், வர்றப்ப வரும்."

"அதுவரிக்கும் நா இன்னா பண்றது?"

"சும்மாதான நிக்கிற? கீழ எஞ் செருப்பு கீது, நாயி தூக்கினு பூடாம பாத்துக்க."