பந்தியில் நான் போட்ட எல்லை

பயந்தாங்கொள்ளி கையில் பந்தி விசாரணையை ஒப்படைக்கவே கூடாது. என் தங்கை கல்யாணத்தில் ஒப்படைத்தார்கள்.

நாங்கள் மயிலாப்பூர்வாசிகள். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். அதுவரை அது ஒரு சங்கதியாகவே தோன்றியதில்லை. ஆந்திராவைத் தனி மாகாணமாக்க வேண்டும், பட்டணம் யாருக்குச் சேர வேண்டும் என்று பேச்சுக் கிளம்பியிருந்த சமயம். (நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரத்தோடு நின்றவன். மாகாணம் பிரிப்பதென்றால் கலெக்டர் வந்து வேலி போடுவார் என்று நினைத்திருந்தேன்.) கல்யாணத்துக்கு முந்தின நாள், தியாகராய நகர் காபி கிளப்பில் இதே விஷயமாக இரண்டு பேர் டம்ளரால் அடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்குப் பந்தியில் இப்படி நடந்தால் தங்கை கதி என்ன?

யோசித்து யோசித்து, தமிழ்க்காரர்களுக்கு ஒரு வரிசை, தெலுங்குக்காரர்களுக்கு எதிர் வரிசை என்று இலை போட்டேன். நடுவில் கோலமாவில் ஒரு கோடு. வாசலில் நின்று ஒவ்வொருவரையும் தமிழா, தெலுங்கா என்று விசாரித்தேன். யாருக்கும் பதில் தெரியவில்லை. காஞ்சிபுரத்தில் பிறந்து சித்தூரில் உத்தியோகம் பார்த்த என் தாய்மாமன் உட்கார்ந்தார், எழுந்தார், அந்தப் பக்கம் போனார், திரும்பி வந்தார். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

கடைசியில் சம்பந்தி வந்தார். ஆழ்வார்பேட்டைக்காரர். அவரைத் தமிழ் வரிசையில் உட்கார்த்தினேன். நெல்லூரில் குடியிருக்கும் அவர் அண்ணாவைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன்.

"இன்னா நைனா, எங்கண்ணன் எனக்கு அன்னியமா?" என்றார் சம்பந்தி.

சண்டை வரக்கூடாதே என்றுதான் என்று விளக்கினேன். எங்களுக்குள் சண்டை என்று யார் சொன்னது என்று கேட்டார். காபி கிளப்பில் பார்த்தேன் என்றேன்.

அவர் அண்ணா மட்டும் நிதானமாகக் கேட்டார்: "நீ எந்த வரிசையில குந்துவே, தம்பி?"

ரசவாளியோடு கோட்டின் மேலேயே நின்றேன்.

இருவரும் இலையை மடிக்காமல் எழுந்துவிட்டார்கள். அப்பா தெருவரை ஓடிக் கையைப் பிடித்துக் கெஞ்சினார். கழுத்தில் ஏறிய தாலியின் மஞ்சள்கூடக் காயாத தங்கை, பசியோடு அவர்களுடன் வண்டி ஏறினாள்.

அப்புறம் வெகு காலம் அந்த வீட்டில் எல்லோருக்கும் இலை போடுவார்களாம், அவளுக்கு மட்டும் போட மாட்டார்களாம். "எங்க குந்தறதுன்னு உங்கண்ணன் வந்து சொல்லட்டும்" என்பாளாம் மாமியார்.

மாமியார் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. இன்றைக்கும் நான் போனால் தங்கை பிள்ளைகள் இலையும் கையுமாக வந்து, "மாமா, எந்த வரிசை?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். தங்கையும் சிரிக்கிறாள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பழகிவிட்டதாம்.