நாடா டாக்டரும் மூலை ஸ்டூலும்

உட்கார்ந்தால் உயிர் போய்விடும் என்று நம்பிய ஒரே மனிதர், காஞ்சிபுரத்தில் எங்கள் நாடா டாக்டர்தான். சாப்பிடுவது நின்றுகொண்டு, எக்ஸ்ரே பார்ப்பது நடந்துகொண்டு. தறியில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடுகிற நாடாவைப் பார்த்தே வளர்ந்த ஊர் அவருக்கு வேறு என்ன பெயர் வைக்கும்?

அவருடைய சின்ன ஆஸ்பத்திரியில் நான் தியேட்டர் சிஸ்டர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மருந்துச் சீட்டு என்னிடம்தான் வரும்.

ஒரு நாள் டாக்டருக்குப் புதுக் கிறுக்கு பிடித்தது. "இத்தனை வருஷமா ஆபரேஷன் பண்றேன், ஒருத்தராவது தப்புன்னு சொல்லியிருக்கேளா? கோயில் கோஷ்டியில பாசுரம் சொல்றச்சே ஒரு வார்த்தை விட்டா, பக்கத்துல இருக்கறவர் அங்கேயே எடுத்துக் குடுக்கறார். இங்க மட்டும் எல்லாரும் ஊமையா?"

மறுவாரமே பெரிய காஞ்சிபுரத்திலிருந்து, அவருக்குச் சரிசமமான இன்னொரு சர்ஜன் வந்து, தியேட்டர் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் வைத்த பெயர் குத்தம் டாக்டர். கத்தியைத் தொடமாட்டார். வாய் மட்டும்தான்.

"ஓய், உன் தலை நிழல் காயத்து மேல விழுது. நகரு."

"ம்."

"ஒண்ணை வைக்கறதுக்குள்ள அடுத்ததுக்குக் கை நீட்டறே. பஸ் பிடிக்கணுமா?"

பதிலுக்கு நாடா டாக்டர் அவருடைய தியேட்டருக்கு ஆபரேஷன் பார்க்கப் போனார். உட்கார முடியாமல் மேஜையையே சுற்றிச் சுற்றி வந்ததில், மயக்க மருந்து டாக்டருக்குத் தலை சுற்றிவிட்டதாம்.

அந்தச் சமயம் பார்த்து என் அப்பாவுக்குக் குடலிறக்கம். எங்கள் டாக்டரிடமே என்று நான் சொன்னதும் மாமா குதித்தார்.

"இன்னாம்மா இது? தல நரைச்ச டாக்டருக்கு இன்னொருத்தரு பாடம் சொல்லிக்கினு இருக்காராமே! தொழில் தெரியாதவருகிட்டயா உங்கப்பன படுக்க வெக்கிற?"

"தெரிஞ்சதாலதான் மாமா கேட்டுக்கறாரு."

"அவரு ஒரு குத்தம் சொல்லட்டும், பாதியிலயே தூக்கிக்கினு போயிடுவேன்!"

என் படிப்பே அந்த மேஜையில் ஏறிப் படுத்த மாதிரி இருந்தது. குத்தம் டாக்டர் அன்று மட்டும் வாய் திறப்பதில்லை என்று பேசி முடித்தோம்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிற ஊசிதான் போட்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அப்பா விழித்துக்கொண்டு படுத்திருந்தார். மூலையில் சத்தமே இல்லை. நாடா டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சரியா இருக்கா?"

குத்தம் டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஓய், சொல்லேன்!"

குத்தம் டாக்டர் முகமூடிக்கு மேலே கண் பிதுங்க என்னைப் பார்த்தார். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"சொல்லிடுங்க சார். நான் தறியில உக்காந்தா, எதிர்வீட்டுக்காரன் எட்டிப் பாத்து ஒரு குத்தம் சொல்லாம போனதே கெடையாது. உள்ளயே வெச்சிக்கினு இருக்காதீங்க."

அணை உடைந்தது. "அந்த முடிச்சு தளர்வா இருக்கு! அவர் பொண்ணு பக்கத்துல நிக்கறாளேன்னு பறக்கறே. பிரி. மறுபடி போடு."

ஓடிக்கொண்டே இருந்த கை அப்படியே நின்றது. பிரித்தார். மெதுவாகப் போட்டார்.

"இப்ப?"

"இப்ப சரி."

வெளியே வந்ததும் அப்பா மாமாவிடம் பீற்றிக்கொண்டார். "உனக்கு ஆபரேசன்னா ஒரு டாக்டருதான் மச்சான். எனக்கு ரெண்டு!"

சாயங்காலம் நான் வார்டுக்குப் போனபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலருகே அந்த மூலை ஸ்டூலை இழுத்துப் போட்டு, அப்பாவையே பார்த்தபடி நாடா டாக்டர் உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டால் எழுந்துவிடுவாரே என்று, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான் வாசலிலேயே நின்றேன்.