பாட்டே வராத வரவேற்பு

என் தங்கை கவிதாவின் கல்யாண வரவேற்பு கெட்டதற்கு ஜெனரேட்டர்தான் காரணம் என்று சில சொந்தக்காரர்கள் இன்றும் நம்புகிறார்கள். காரணம் நான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கள்ளக்குறிச்சியில் செல்போன் கடையில் வேலை. மீதி நேரமெல்லாம் லேப்டாப்பில் கிளப் டிஜேக்களுக்கான இசை. (எந்தக் கிளப்பையும் நேரில் பார்த்ததில்லை.) அதில் பாட்டு கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டிஜே தாவ வசதியாக வெறும் தாள அடி, நீள நீளமாக. கல்வராயன் மலையேறும் பஸ்ஸில் ஜன்னல் தகரம் தடதடத்ததைப் போனில் பதிந்து, ஏழு நிமிட நீளத்தில் ஒன்று செய்திருந்தேன். வாழ்நாள் சாதனை. அதுவரை கேட்டவன் நான் ஒருவன்தான்.

வரவேற்புக்கு அதைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்தேன். மாப்பிள்ளை வீட்டார் திருக்கோவிலூர், ரொம்பக் கறார் என்று கேள்வி. அப்பா பயந்து பயந்துதான் சம்மதித்தார். அன்று மாலை ஊரில் கரண்ட் இல்லை, மண்டபம் ஜெனரேட்டரில் ஓடியது. வாசலில் நின்ற மணமக்களிடம் பாட்டு ஆரம்பித்ததும் உள்ளே வரச் சொல்லிவிட்டு, மேடையோரம் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

அடி தொடங்கியது. நான் கண்ணை மூடினேன். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. சனம் முழுக்க வாசலைப் பார்க்க, வாசலில் இருவரும் பாட்டுக்காகக் காத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து எங்கள் அப்பாவிடம் வந்தார்.

"சம்பந்தி, ஜெனரேட்டர்ல இன்னாவோ கழண்டுக்கினு அடிக்குது. கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்க."

அப்பாவுக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கிறது. ஆளனுப்பி ஜெனரேட்டரை அணைக்கச் சொல்லிவிட்டார்.

விளக்கு, ஃபேன், ஸ்பீக்கர் எல்லாம் நின்றன. என் லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியது. ஹெட்போனில் அடி குறையவில்லை. கண்ணைத் திறந்தால்தானே தெரியும்? சத்தமே இல்லாத மண்டபத்தில், லேப்டாப் வெளிச்சத்தில், ஒருவன் தனியாக ஆடுவதை அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். பெரிய மாமா வந்து ஹெட்போனைக் கழற்றினார்.

"போதும்டா. சத்தம் நின்னு ரொம்ப நேரம் ஆவுது."

பந்தியில் உட்கார்ந்திருந்த நாதஸ்வரக்காரர்களைக் கை கழுவவைத்துக் கூட்டிவந்து, மணமக்களை உள்ளே அழைத்தோம். விளக்கும் வந்தது. ஜெனரேட்டர் சரியாகிவிட்டதா என்று சம்பந்தி விசாரித்தார். "ஆய்டுச்சுங்க" என்றார் அப்பா, என்னை முறைத்தபடியே.

மறுவீட்டுக்கு வந்த கவிதாவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் சிரித்தாள். நிச்சயமானதிலிருந்து அவளும் மாப்பிள்ளையும் போனில் "சாப்ட்டாச்சா" என்பதைத் தாண்டியதே இல்லையாம். அன்று வாசலில் வேறு வழியில்லாமல்தான் பேச ஆரம்பித்தார்களாம். மாப்பிள்ளை முதலில் கேட்டது, உள்ளே உங்கள் அண்ணன் என்ன செய்கிறார் என்று. அதற்கு இவள் சொன்ன பதிலைத்தான், என்னைப் பற்றி யார் விசாரித்தாலும் மாப்பிள்ளை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்:

"தெரியலைங்க. ஆனா இன்னும் கொஞ்ச நேரம் பண்ணட்டும்."