நடு ரூமில் குடியேறிய சாமி

பரமேஸ்வரன் ஒரு சபதம் எடுத்திருந்தார். உயிர் இருக்கும்வரை கிள்ளானில் இருக்கும் தன் வீட்டை விட்டு ஒரு பேப்பர்கூட வெளியே போகாது. துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன மனுஷன். வந்த கப்பலெல்லாம் போவதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோய், இனி வந்தது எதுவும் போகக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டார்.

தமிழ்ப் பேப்பர், மலாய்ப் பேப்பர், கல்யாணப் பத்திரிகை, கடை விளம்பரம் எல்லாம் நடு ரூமில் கூரையைப் பார்த்து வளர்ந்தன. கரையான் வந்தது. பல்லி குடும்பம் நடத்தியது. ஜன்னல் எந்தப் பக்கம் என்பதே வீட்டில் மறந்துபோனது. மனைவி குமுதா வாயைத் திறந்தால் அவரிடம் பதில் தயார்.

"இதுல பத்துமலை முருகன் படம் இருக்கு குமுதா. தூக்கிப் போட்டா பாவம் நம்ம தலையிலதான் விடியும்."

பேப்பரில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவள் குமுதா. அதற்குமேல் பேசமாட்டாள்.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. ரவாங்கில் இருக்கும் மகள் ஷாமினிக்குத் தலைப்பிரசவம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குத்தான் வரணும். கொடுக்க இருப்பதோ அந்த ஒரே ரூம். பார்க்கலாம் என்று குமுதா கதவைத் தள்ளினாள். பேப்பர் மலை பாதி அப்படியே சரிந்து தரையில் விழுந்தது.

"தொட்டில் கட்டலாம்னு நெனச்ச எடம்ங்க அது," என்றாள் குமுதா. "பச்சப் புள்ள கெடந்திருந்தா?"

பரமேஸ்வரன் குனிந்து, அந்த இடத்தில் கிடந்த பேப்பரை இரண்டு கையாலும் ஒதுக்கினார். ஆனால் சபதம் சபதமாச்சே!

"சாமி பாத்துக்கும்லா. அவரு இருக்கற எடம் அது."

குமுதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆமாங்க. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. சாமி இருக்கற எடம்."

ஜெயித்துவிட்ட நிம்மதியில் மனுஷன் நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் காலை ரூம் வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கியது. உள்ளே போகப்போனவரைக் குமுதா மறித்தாள்.

"குளிச்சீங்களா?"

"பேப்பர் படிக்க எதுக்குடி குளிக்கணும்?"

"சாமி ரூம்ங்க. பனியனோட போகாதீங்க, வேட்டி கட்டுங்க. சிகரெட் வாடையும் ஆகாது. வெளக்குதான் ஏத்தல. அத்தனையும் காய்ஞ்ச பேப்பரு, பத்திக்கிட்டா வீடே போயிடும்."

ஞாயிற்றுக்கிழமை தலையில் இடி விழுந்தது. வாரா வாரம் கேரி தீவு நண்டு மணக்கும் தட்டில் கத்தரிக்காய் சாம்பார்.

"நண்டு எங்க?"

"இத்தனை சாமி இருக்கற வீட்டுல கவிச்சியா? இனிமே நாம சுத்த சைவம்."

"எது வரைக்கும்?"

"பேப்பர் இருக்கற வரைக்கும்."

சரி, சைவம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் பக்கத்து வீட்டு வீரம்மா விடவில்லை. தினமும் வேலி தாண்டி நண்டுக் குழம்பு வாசம் வந்தது. மிளகு தூக்கலாக, முருங்கைக்கீரை போட்டு, அப்படியே குமுதா வைக்கிற பக்குவம்! கருவாட்டையே கருக்கிவிடும் பொம்பளைக்கு இந்தக் கைமணம் எங்கிருந்து வந்தது? பரமேஸ்வரன் சாம்பாரைப் பிசைந்துகொண்டே வேலியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

கடைசியில் ஒரு காலை தெருமுனையில் ஸ்பீக்கர் கத்தியது. "சூராட் காபார் லாமா..." பழைய பேப்பர் எடுக்கும் லோரி. பரமேஸ்வரன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"பாஸ்! நிறுத்துலா! மொத்தத்தையும் எடுத்துக்கோ!"

குமுதா பதறிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஐயோ, அதுல சாமி படம் இருக்குங்க!"

"சாமி மனசுல இருந்தா போதும்டி! பேப்பர்லயா குடியிருக்காரு?"

"நீங்க சொன்னா சரிதாங்க."

லோரி நிறைந்து கிளம்பியது. ரூமில் ஜன்னல் கிடைத்தது. தொட்டில் கட்ட வேண்டிய இடத்தில் வெயில் விழுந்ததைப் பார்த்து பரமேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கா இத்தனை நாள் அடம் பிடித்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நண்டு வாங்கப் பையை எடுத்தார்.

வேலிக்கு மேலே வீரம்மாவின் தலை தெரிந்தது. கையில் கழுவிய மண்சட்டி.

"குமுதா, இந்தா உன் சட்டி. அண்ணன்தான் பேப்பரத் தூக்கிட்டாருல்ல, இனிமே நண்ட உன் வீட்டு அடுப்புலயே வெச்சுக்கலா."