நாலாவது ஜோடி

சில்வோ மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டு.

கீழே ராடோ காபிக் கோப்பையோடு நின்று வேடிக்கை பார்த்தான். தொல்மின் என்ற மலையூரின் நகராட்சித் தண்ணீர் அலுவலகத்தில் இருவருக்கும் ஒரே அறை. பதினெட்டு வருடமாக.

"என்னய்யா, ராஜா முன்னாடியிருந்து வெளிய வர்றியா?"

"கெண்டைக்கால்," என்றார் சில்வோ.

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"புது ஷூவா?"

"மெதுவாப் பேசுடா."

மெதுவாகப் பேச வேண்டிய விஷயம்தான். அந்த ஊரில் மருந்துக் கடைக்குப் போகாதவர்கள் கிடையாது. கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள் சில்வோவின் மனைவி தாரிங்கா.

தாரிங்கா சனிக்கிழமைதோறும் மலையில் ஓடுவாள். இரண்டு வருடமாக இந்தப் பழக்கம். காலை ஆறு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் இருட்டுவதற்குச் சற்று முன்புதான் திரும்புவாள். ஷூவில் சேறு இருக்கும். முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். ஞாயிறு மத்தியானம் மாட்டிறைச்சி சூப் மேசைக்கு வருவதற்குள் அந்தத் தெளிவு வடிந்துவிடும்.

சில்வோ அதைக் கவனித்திருந்தார். சூப் குடித்தபடி, மேல்தெருவில் நீரழுத்தம் எவ்வளவு, எந்தக் குழாய் எந்த வருடத்தில் புதைத்தது, யார் வீட்டு மீட்டர் பொய் சொல்கிறது என்று அவளுக்கு விவரமாகச் சொல்வார். "ம்," என்பாள். இன்னும் விவரமாகச் சொல்வார். "ம்."

இருபத்தாறு வருடக் கல்யாணம் ஓர் ஒற்றை எழுத்துக்கு வந்து நின்றுவிட்டது என்பது ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு உறைத்தது. அவளுக்குப் பிடித்தது எல்லாம் மேலே இருக்கிறது. தான் கீழே இருக்கிறோம். இப்படியே விட்டால் ஏதோ ஒரு சனிக்கிழமை அவள் இறங்கி வராமலே இருந்துவிடுவாள்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை ஊரில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மலை ஓட்டம் இருந்தது. "நீ ஓடறியா?" என்று கேட்டார். தாரிங்கா ஸ்பூனைக் கீழே வைத்து, கொஞ்சம் யோசித்து, "ஆமா," என்றாள்.

மறுநாளே சில்வோவும் ரகசியமாகப் பெயர் கொடுத்தார். கடைசி ஆளாக வந்தாலும் பரவாயில்லை. முடிவுக் கோட்டில் அவள் நின்றுகொண்டிருப்பாள். இவர் வருவதைப் பார்ப்பாள். இந்த ஆள் நமக்காக மலையேறி வந்திருக்கிறான் என்று அவள் முகத்தில் ஒரு கணம் தெரிய வேண்டும். அவர் வேண்டியது அவ்வளவுதான்.

அதற்குத் தேவை ஒரு ஜோடி ஷூ.

முதல் ஜோடி ராடோவின் யோசனை. "நம்ம ஊரு மழைக்கு நனையாத ஷூதான்யா சரி," என்றான். சில்வோ கணுக்கால் வரை மூடிய, சொட்டுத் தண்ணீர் புகாத ஷூவை வாங்கினார். முதல் ஓட்டத்திலேயே ஓர் ஓடையில் முழங்கால் வரை இறங்கிவிட்டார். மேல்வழியாகத் தண்ணீர் உள்ளே போனது. போனது வெளியே வரவில்லை. இருபத்தைந்து வருடம் குழாய்க்குள் தண்ணீரை வைத்திருந்த மனிதர், அன்று ஷூவுக்குள் வைத்துக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர் நடந்தார்.

ஷூக் கடைப் பெண் ஊர்ஷ்கா ஈர ஷூவைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தண்ணிய உள்ள விடாத துணி, வெளியவும் விடாதுங்க."

"அத முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"நடக்கறதுக்கா ஓடறதுக்கான்னு கேட்டேன். 'எல்லாத்துக்கும்'னு சொல்லிட்டுப் பெட்டிய எடுத்துட்டுப் போயிட்டீங்க."

இரண்டாவது ஜோடியில் குதிகாலும் விரலும் ஒரே மட்டம். வெறுங்காலில் ஓடுவது போல இருக்கும் என்று எங்கோ படித்திருந்தார். ஊர்ஷ்கா எச்சரித்தாள்: "இதுக்குக் கால் பழகணும். முதல் ரெண்டு வாரம் வீட்டுக்குள்ள மட்டும் போட்டு நடங்க."

வீட்டுக்குள் எப்படிப் போடுவது? அந்த ஊரில் வாசலிலேயே ஷூவைக் கழற்றி, வீட்டுச் செருப்புக்கு மாறிவிட வேண்டும். அப்படி மாறாமல் உள்ளே வந்த ஒரே ஆள் அந்தக் குடும்பத்தில் அவருடைய மாமா. அவரை இன்றுவரை யாரும் கல்யாணத்துக்கு அழைப்பதில்லை. அதனால் சில்வோ பழகும் கட்டத்தை விட்டுவிட்டு நேராகப் பதின்மூன்று கிலோமீட்டர் ஓடினார். அதன் விளைவாகத்தான் இப்போது படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டில் தாரிங்கா பார்த்துவிட்டாள்.

"என்ன ஆச்சு காலுக்கு?"

"மீட்டர் குழியில வெச்சுட்டேன்."

"ரெண்டு காலையுமா?"

"ரெண்டு மீட்டர்."

அவள் களிம்பு எடுத்து வந்து தேய்த்துவிட்டாள். கை சூடாக இருந்தது. சில்வோவுக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டார்.

மூன்றாவது ஜோடிக்குப் போனபோது, இறக்கத்தில் கால் வீங்கும், அரை அளவு பெரிதாக எடுங்கள் என்றாள் ஊர்ஷ்கா. எதற்கும் கையிருப்பு வைத்துக்கொள்வது சில்வோவின் தொழில் வழக்கம். ஒன்றரை அளவு பெரிதாக எடுத்தார். ஏறும்போது ஷூ பின்னால் தங்கியது. இறங்கும்போது கால் முன்னால் போய் முட்டியது. இரண்டு கட்டை விரல் நகமும் கறுத்தன. நகத்தைப் பார்த்த மாத்திரத்தில் காரணம் சொல்லிவிடக்கூடிய பெண்ணோடு வாழ்கிறவர் என்பதால், செப்டம்பர் புழுக்கத்தில் காலுறையோடு படுத்தார்.

"குளுருதா உனக்கு?"

"கொஞ்சம்."

அவள் இன்னொரு கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினாள்.

மூன்று ஜோடியும் கார் டிக்கியில் கிடந்தன. காயாமல் கிடந்தன. ஒரு வெள்ளிக்கிழமை தாரிங்கா காரில் ஏறியதும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ள என்ன செத்துக் கிடக்கு?"

"பாலாடைக்கட்டி," என்றார் சில்வோ. வேறெதுவும் தோன்றவில்லை. "மலைக்காரங்ககிட்ட வாங்கினேன்."

சொன்னதற்காக அன்றே போய் வட்டப் பாலாடைக்கட்டியில் கால் பாகம் வாங்கி வந்தார். நாற்றம் தொடர்ந்ததால் அடுத்த வெள்ளியும் வாங்க வேண்டியிருந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் ஃபிரிட்ஜைத் திறந்த தாரிங்கா, வரிசையாக இருந்த மஞ்சள் துண்டுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சில்வோ," என்றாள். "நாம ரெண்டு பேர்தான இருக்கோம்."

அந்தக் குரல் அவரை என்னவோ செய்தது. நேராகக் கடைக்குப் போய் ஊர்ஷ்காவின் முன் உட்கார்ந்தார். "அம்மா, இனிமே நான் எதுவும் சொல்லல. நீயே பாத்துக் கொடு."

"சாயந்திரம் வாங்க. அப்பதான் கால் நல்லா வீங்கியிருக்கும். ஓடறப்ப போடற சாக்ஸையே எடுத்துட்டு வாங்க."

சாயந்திரம் போனார். கடையின் மூலையில் இருந்த சரிவுப் பலகையில் அவரை இருபது நிமிடம் ஏறி இறங்க வைத்தாள். தானும் குனிந்து, குதிகாலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"விரலுக்கு முன்னாடி ஒரு விரல் இடம் இருக்கா? குதிகால் தூக்காம நிக்குதா? சரி. அடியில பல்லு ஆழமா இருக்கு, சேத்துல புடிச்சுக்கும். தண்ணி வரும், வந்த வேகத்துல வெளிய போயிடும். இப்ப கால்ல என்ன தெரியுது?"

சில்வோ கவனித்துப் பார்த்தார். "ஒண்ணுமே தெரியல."

"அதான் உங்க ஷூ."

பச்சை நிறம். அவர் கண் லேசாகக் கலங்கியது. ஊர்ஷ்கா பெட்டியைத் தேடுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதற்கிடையில் வீட்டில் அவர் பேச்சு குறைந்துபோயிருந்தது. வாயைத் திறந்தால் பேச்சு எப்படியாவது ஷூவில் போய் முடிந்துவிடும் என்ற பயம். சூப்பைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். விசித்திரமாக, அந்த மாதத்தில் தாரிங்கா அவரைப் பார்த்து இரண்டு முறை சிரித்தாள். ஒரு நாள் அவர் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து புத்தகம் படித்தாள். ஓடுகிறவன் முகத்தில் ஏதோ களை வந்துவிடும் போலிருக்கிறது என்று சில்வோ நினைத்துக்கொண்டார்.

ஓட்டத்தன்று விடிந்ததிலிருந்தே மழை. பக்கத்து ஊர் கோபரீதில் இருக்கும் அண்ணனைப் பார்க்கப் போவதாக முன்தினமே சொல்லி வைத்திருந்தார். தாரிங்கா வழக்கம் போல ஆறு மணிக்குப் பையோடு கிளம்பினாள்.

தொடக்கக் கோட்டில் முந்நூறு மழைச் சட்டைகள் நின்றன. தலையை மூடியிருந்ததால் யார் முகமும் தெரியவில்லை. அவள் முன்வரிசையில் இருப்பாள் என்று தீர்மானித்து, சில்வோ கடைசியில் போய் நின்றார். அரை மணி நேரத்தில் அந்த முந்நூறு பேரும் மூடுபனிக்குள் போய்விட்டார்கள். அவருக்குப் பின்னால் ஒரே ஓர் ஆள் வந்தான். பாதைக் கொடிகளைப் பிடுங்கி, ஓட்டக்காரர்கள் விட்டுப்போனதையெல்லாம் பொறுக்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வரும் ஆள்.

"அவசரமில்ல சார், மெதுவாப் போங்க," என்று பிடரிக்குப் பக்கத்தில் நின்று மூச்சு விட்டான்.

ஆனால் ஷூ பிடித்தது. சேற்றிலும் ஈரப் பாறையிலும் பிடித்தது. சில்வோ வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சரியான முடிவு எடுத்த மனிதனைப் போல ஏறினார். மஞ்சள் பைக்காரன்கூடப் பின்தங்கிவிட்டான்.

பதினாலாவது கிலோமீட்டரில், மலையேறுகிறவர்கள் தங்கிப் போகும் தோன்ச்காவின் மலைக்குடில். மழைக்காக நேரம் குறிக்கும் கருவியைக் குடிலுக்குள் வைத்திருந்தார்கள். தோன்ச்கா அறுபத்தெட்டு வயதுக்காரி. ஷூவோடு யாரையும் நிலைப்படி தாண்ட விட்டதில்லை. ஒருமுறை கால் முறிந்தவனைத் தூக்கி வந்த மீட்புக் குழுவையே வாசலில் நிறுத்தி ஷூவைக் கழற்ற வைத்தவள். அடிபட்டவனின் நல்ல காலில் இருந்ததையும் கழற்றினாள். இன்று ஓட்டக்காரர்களுக்காக மனமிரங்கி தார்ப்பாய் விரித்திருந்தாள். சில்வோ போய்ச் சேர்ந்தபோது தார்ப்பாய் சுருட்டப்பட்டு, தரை துடைக்கப்பட்டு, பளபளவென்று இருந்தது.

அந்த நாட்டில் பிறந்த எவனாலும் அந்தத் தரையில் ஷூவோடு கால் வைக்க முடியாது. சில்வோ பச்சை ஷூவைக் கழற்றி அலமாரியில் வைத்தார். அங்கிருந்த சாம்பல் நிறக் கம்பளிச் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கட்டி வைத்திருந்த கருவியைப் பிரிக்கச் சொல்லி, தன் நேரத்தைக் குறித்துக்கொண்டு திரும்பப் பத்து நிமிடம் ஆனது.

அலமாரி காலியாக இருந்தது.

"அம்மா, என் ஷூ?"

"எது, அந்தப் பச்சையா? மஞ்சப் பைக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான். யாரோ விட்டுட்டுப் போனதுன்னு."

"நான் உள்ளதான இருந்தேன்!"

"அவனுக்கென்ன தெரியும்? ஓடறவன் எவனாவது பாதி வழியில ஷூவக் கழட்டி வெப்பானா?"

"கழட்டணும்னு நீங்கதான எழுதி மாட்டியிருக்கீங்க!"

"அது மனுஷங்களுக்கு," என்றாள் தோன்ச்கா. "சரி விடு. நீ முன்னாடி போயிட்டேன்னு உன்னப் பிடிக்கத்தான் ஓடிட்டிருக்கான்."

சில்வோ வாசலில் வந்து நின்று கத்திப் பார்த்தார். மூடுபனி கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது.

தோன்ச்கா அவரை உள்ளே இழுத்து உட்காரவைத்து, புளித்த முட்டைக்கோசும் பீன்ஸும் போட்ட சூப்பை ஒரு கிண்ணம் வைத்தாள். சில்வோ குடிக்கவில்லை. மேசைக்கு அடியில் கம்பளிச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதம். நாலு ஜோடி. கீழே இந்நேரம் முடிவுக் கோட்டில் ஒவ்வொருவராக வந்துகொண்டிருப்பார்கள். அவளும் வருவாள், துடைத்துக்கொள்வாள், வீட்டுக்குப் போவாள். இப்படி ஒருவர் ஏறி வந்தார் என்பதே அவளுக்குத் தெரியப்போவதில்லை.

சட்டென்று எழுந்தார்.

"அம்மா, உங்ககிட்ட வயர்லெஸ் இருக்குல்ல? கீழ முடிவுக் கோட்டுக்கு ஒரு சேதி சொல்லணும்."

தோன்ச்கா கருவியைக் கையில் எடுத்தாள். "சொல்லு. யாருக்கு?"

"மருந்துக் கடை தாரிங்காவுக்கு. ஓடறவங்க. கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்க, போதும். நான் இந்தச் செருப்போடயே இறங்கி வந்துடுவேன்."

தோன்ச்கா கருவியை அணைத்து மேசைமேல் வைத்தாள். கூரையை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தாள்.

"தாரிங்காவா? சத்தம் போடாத தம்பி, மேல தூங்கிட்டிருக்கா. ரெண்டு வருஷமா சனிக்கிழமை தவறாம வந்து படுத்துக்கறா, இந்த ஒரு எடத்துக்குத்தான் புருஷன் ஏறி வரமாட்டானாம்."